மொன்றியலில் படம் தயாரிக்க வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, பெண்களின் கதைகளைப் படமாக்கும் தயாரிப்பாளராக வேண்டும், மொன்றியலில் அதற்கு வழி உண்டா, வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன உடுப்பு என்று கேட்டிருந்தீர்கள். வாடகையும் உடுப்பும் வந்திறங்கி ஒரு கிழமையில் தெரிந்துவிடும். சப்பாத்தை மட்டும் ஊரில் வாங்காதீர்கள்.

முதலில் கத்லீன் ஷானனைத் தெரிந்துகொள்ளுங்கள். 1956இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையில் இசைத்தொகுப்பு வேலைக்குச் சேர்ந்தவர். 1974இல் அதே சபைக்குள் பெண்களுக்கென்றே ஸ்டூடியோ டி என்ற பிரிவைத் தொடங்கினார். மற்றப் பெண்கள் படம் எடுக்கக் காசும் நேரமும் பிடித்துக் கொடுப்பதே அவருடைய வேலையாக இருந்தது. அந்தப் பிரிவின் படங்கள் 3 ஒஸ்கார் வாங்கின. அவற்றில், அணுவாயுதம் பற்றி ஒரு பெண் மருத்துவர் ஆற்றிய உரையைக் கொண்ட படத்துக்கு 1983இல் அமெரிக்க நீதித்துறை 'அரசியல் பிரசாரம்' என்று முத்திரை குத்தியது. அதே வருடம் அதற்கு ஒஸ்காரும் கிடைத்தது.

தயாரிப்பாளர் என்றால் வரவுசெலவுத் தாளோடும் ஒப்பந்தத்தோடும் மல்லுக்கட்டுகிறவர். அதனால் சொல்கிறேன், எழுத்தில் இல்லாமல் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள். 1998இல் நம்மவர் ஒருவர் தமிழ்ப் பெண்களின் நேர்காணல்கள் என்று என்னிடம் 40 கசெற் தந்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, ஊறிச் சுருங்கிய விரலால் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். படத்தில் என் பெயர் இல்லை. பேசிய பெண்கள் சிலரிடம் அனுமதியும் வாங்கியிருக்கவில்லை. கேட்டால், "சனத்துக்குச் செய்கிற சேவைதானே அக்கா" என்றார். பெண்களின் கதை என்றால் கூலி கேட்கக்கூடாது என்று நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு. இன்றைக்கும் என்னால் அதைப் பொறுக்க முடிவதில்லை.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் 20 வருடம் இருந்தும் பிரெஞ்சு தேவையில்லை என்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். நான் 40 வயதில் படித்தேன். இப்போது ஒப்பந்தத்தைப் பிரெஞ்சிலேயே வாசித்துத் திருத்துகிறேன்.

ஸ்டூடியோ டி 1996இல் செலவுக் குறைப்பில் மூடப்பட்டது. தன் படங்களில் பாதியையாவது பெண்கள் இயக்க வேண்டும் என்று சபை அறிவித்தது 2016இல். இடையில் 20 வருடம் போய்விட்டது. சபைக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அந்த ஒரு கதவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நான் வந்தது 1991 தை மாதம். ஆங்கில வகுப்பில் ஒருநாள் ஆசிரியை ஒரு கசெற் போட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, ஊன்றுகோலோடு நடந்தபடி, தன் கதையைத் தானே சொல்கிறாள். 1977இல் ஸ்டூடியோ டி எடுத்த படம். பாதி ஆங்கிலம் விளங்கவில்லை. அந்தப் பிள்ளை யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. சப்பாத்துப் பனி உருகிக் கதிரைக்குக் கீழே தேங்கி நின்றது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, இன்னொரு தரம் போடுங்கள் என்று கையால் காட்டிக் கேட்டேன். ஆசிரியை போட்டிருந்த கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கசெற்றைப் பின்னால் சுற்றி, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.