காலில் ரத்தக்குழாய் அடைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வெட்டாமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதல் சோதனைக்கு ஊசிகூடத் தேவையில்லை. கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். நீரிழிவு உள்ளவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகியிருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்துவிடும். 1.40-ஐத் தாண்டினால் நிம்மதி அடையாதீர்கள். கால் பெருவிரலில் அழுத்தம் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அடைப்பு எந்த இடத்தில் என்பதை, ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் காட்டும்.

1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனிக்குள் மருத்துவர் சார்லஸ் டாட்டர் மெல்லிய குழாய்களை நுழைத்து அடைப்பை விரித்தார். கால் பிழைத்தது! அடைப்பை உள்ளிருந்து விரிக்கும் இன்றைய பலூன், குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட், மருந்து பூசிய பலூன் எல்லாம் அந்தத் துணிச்சலின் தொடர்ச்சிதான்.

ஆனாலும் எல்லோருக்கும் பலூன் வேண்டியதில்லை. நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் வலித்தால், புகைப்பதை நிறுத்துவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் போன்ற மருந்துகள், முறையான நடைப்பயிற்சி ஆகியவைதான் முதலில். படுத்திருக்கும்போதும் வலித்தாலோ பாதத்தில் புண் ஆறாவிட்டாலோ உடனே ரத்தநாள நிபுணரைப் பாருங்கள்.