குக் பெயரே இல்லாத குக் பதக்கம்

கேள்வி: ஐயா, ஞாயிற்றுக்கிழமை பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் 180 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய பதக்கம் வாங்கினேன். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இரண்டு பாய்மரக் கப்பல், அடியில் ரோமன் எண்ணில் 1772. மேலே ஓர் ஓட்டை. கேப்டன் குக் பதக்கம் என்கிறார் விற்றவர். ஆனால் குக் பெயரே இல்லை! ஏமாந்துவிட்டேனா? பிராஸோ (உலோக பாலிஷ்) போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் பிராஸோவை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

குக் பெயர் இல்லாதது நல்ல அறிகுறிதான். பசிபிக் கடலை ஆராய்ந்த அந்த ஆங்கிலேய மாலுமியின் இரண்டாம் பயணத்துக்காக பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் பட்டறையில் அடித்த பதக்கம் அது. போகிற தீவுகளில் மக்களுக்குக் கொடுத்து, வந்து போனதற்கு அடையாளம் வைப்பதுதான் நோக்கம். அதனால் ஒரு பக்கம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ். மறுபக்கம் ரெசல்யூஷன், அட்வெஞ்சர் கப்பல்கள். பித்தளைக் கலவையில் சுமார் 2,000 அடித்தார்கள், வெள்ளியில் கொஞ்சம், தங்கத்தில் இரண்டே இரண்டு. கழுத்தில் தொங்கவிடத் தோதாக ஓட்டை போட்டவையும் உண்டு, ஆகவே ஓட்டையைக் குறையாக நினைக்காதீர்கள். குக்கின் முகம் வேண்டுமென்றால், 1779இல் ஹவாயில் அவர் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி வெளியிட்ட, லூயிஸ் பிங்கோ செதுக்கிய பதக்கத்தைத் தேட வேண்டும். அது வேறு கதை, வேறு விலை.

இப்போது பூதக்கண்ணாடியை எடுங்கள். கப்பல்களுக்குக் கீழே எந்த மாதம் இருக்கிறது? மார்ச் என்று இருக்க வேண்டும். உண்மையில் கப்பல்கள் பிளிமத்தை விட்டது ஜூலை 13. பயணத்தில் சேரவிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தன் பரிவாரத்துக்காக ரெசல்யூஷனில் கூடுதல் தளம் எழுப்பச் சொல்ல, கப்பல் தலைகனத்துத் தள்ளாடியது. எல்லாவற்றையும் இடித்துச் சரிசெய்ததில் புறப்பாடு தள்ளிப்போனது. பேங்க்ஸ் கோபித்துக்கொண்டு பயணத்துக்கே வரவில்லை. (பெரிய மனிதர் கோபம்!) பதக்கத்தில் மட்டும் மார்ச் அப்படியே நின்றுவிட்டது. ஜூலை என்று திருத்தி வைத்திருந்தால் அது புத்திசாலி ஒருவர் செய்த போலி.

மார்ச் இருந்தாலும் முடிவு கட்டிவிடாதீர்கள். அசலைப் பார்த்து வார்த்த நகலிலும் மார்ச்தான் இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: ஒட்டுக்கோடு தெரிந்தாலோ, பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள் இருந்தாலோ, பாய்மரக் கயிறுகள் மொழுக்கென்று மங்கிக் கிடந்தாலோ, வார்ப்பு. அச்சில் அடித்ததில் கோடுகள் கூராக நிற்கும். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: 180 ரிங்கிட் என்றால் நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கையால் விளிம்பை மட்டும் பிடித்து, நாணயம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பினாங்குக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். பிவிசி உறையில் போடாதீர்கள், பச்சை படியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மைலார் (பாலியெஸ்டர்) உறையில் வையுங்கள். சேகரிப்பு ஆசை வந்துவிட்டதென்றால், 1970இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட குக் 50 காசு நாணயத்திலிருந்து தொடங்கலாம். அதில் அவர் முகமும் இருக்கிறது, பணமும் அதிகம் கேட்காது.