பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன் மேலும் கஞ்சா வழக்கு நிற்குமா?

நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன தம்பியையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள், நண்பனின் பையில் 2 கிலோ கஞ்சா இருந்தது, இதை நிரூபிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் பல வருஷமாக ஆஜராகிறேன்.

கூட இருந்தான் என்பது மட்டும் போதாது. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தே அவனும் அதைக் கைவசம் வைத்திருந்தான் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 35, 54 பிரிவுகளின்படி கோர்ட் எதிரிக்கு எதிராக, தெரிந்தே குற்றம் செய்தான் என்று அனுமானிக்கலாம் என்பதைக் கேட்டதும் குடும்பமே ஒடிந்துபோகும். ஆனால் 2008-ல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பொருள் அவன் கைவசம் இருந்தது போன்ற அடிப்படை விஷயங்களைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த பிறகுதான் அந்த அனுமானத்துக்கே வேலை.

விற்கத்தான் வைத்திருந்தானா என்ற கேள்வி கஞ்சாவில் பெரிதாக எழாது. எடைதான் தண்டனையைத் தீர்மானிக்கிறது. 1 கிலோவுக்குக் குறைவென்றால் ஓராண்டு வரை, 20 கிலோவுக்கு மேல் குறைந்தது 10 ஆண்டு. உங்கள் தம்பியுடையது நடுவில் வருகிறது, 10 ஆண்டு வரை போகலாம். ஆனால் ஜாமீனுக்கு 37-வது பிரிவின் கடும் நிபந்தனை இதற்குக் கிடையாது, உடனே மனு போடுங்கள்.

அப்புறம், பொட்டலம். வழக்கு உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு வழக்கில் மகஜரில், அதாவது பறிமுதல் செய்தபோது எழுதும் பதிவில், வெள்ளைச் சாக்கு என்று எழுதியிருந்தார்கள். கோர்ட்டில் அரக்கு முத்திரையை உடைத்துப் பிரித்தால் பச்சைப் பை! பிடித்த அதிகாரியிடம் குறுக்கு விசாரணையில் கேட்டேன், பதில் இல்லை. பிடித்த இடத்திலிருந்து ஆய்வகம் வரை அது யார் கையில், எந்த முத்திரையோடு இருந்தது என்று ஒவ்வொரு நாளாகக் கேட்க வேண்டும்.

50-வது பிரிவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது உடல் சோதனைக்குத்தான், கையில் இருக்கும் பையைச் சோதிப்பதற்குப் பொருந்தாது. தம்பி ஏதாவது ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பதற வேண்டாம், போலீசிடம் ஒப்புக்கொண்டதை வைத்துத் தண்டிக்க முடியாது. மற்ற துறை அதிகாரிகளுக்கும் அதுவேதான் என்று 2020-ல் தமிழ்நாட்டிலிருந்து போன தூபான் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது.

முதலில் மகஜர் நகலை வாங்கி, பை யார் தோளில் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தம்பியின் மடியில் என்று இருந்தால், சரி, போராட்டம் கொஞ்சம் கடினம்தான்.