கார் நிறுத்துமிடத்தில் நீர் இறங்கும் தளம் போட்டால் மழைநீர் தேங்குவது நிற்குமா?

நிற்கும். ஆனால் மேலே தெரியும் கல்லை மட்டும் பார்த்துப் போட்டால் நிற்காது. தளம் போடுவதுதான் என் தொழில். மழைநீரைப் பிடித்து வைப்பது அடியில் இருக்கும் ஜல்லிதான்.

நீர் இறங்கும் கான்கிரீட்டில் மணல் அநேகமாக இருக்காது. ஜல்லிகள் சிமென்ட் பாலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடையில் 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம். ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்துப் பாருங்கள். ஓடாது, தெறிக்கக்கூடச் செய்யாது. விழுந்த இடத்தில் ஈரத்தடம் மட்டும் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, தண்ணீர் எங்கே போகிறது? ஒரே அளவாகச் சலித்துக் கழுவிய ஜல்லியில் ஏறக்குறைய 40 சதவீதம் காலி இடம் உண்டு. 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினால் ஒரு சதுர மீட்டரில் 120 லிட்டர் பிடிக்கும். அதாவது 120 மி.மீ. மழை. அது அங்கேயே தங்கி மெல்ல மண்ணுக்குள் இறங்கும். தளத்தில் பெய்த மொத்தமும் ஒரே நேரத்தில் வடிகாலில் போய் முட்டாது.

நான் போட்ட ஒரு தளம் முதல் மழைக்காலத்திலேயே அடைத்துக்கொண்டது. பக்கத்துச் செடிப்பாத்தி மேடாக இருந்தது, அதன் மண் கரைந்து தளம் முழுக்கப் பரவிவிட்டது. அதை முன்பே கவனிக்காதது என் தவறு. உளியால் குத்திப் பார்த்தேன்: மேலே இரண்டு செ.மீ. வரைதான் சேறு, அதற்குக் கீழே ஜல்லி கழுவி வைத்ததுபோல இருந்தது. உறிஞ்சும் இயந்திரத்தால் சேற்றை இழுத்து, பாத்திக்கு வரப்புக் கட்டியதும் தண்ணீர் மறுபடி இறங்கியது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது தூசியை உறிஞ்சி எடுக்க ஆள் வேண்டும். பெருக்கினால் போதாது, தூசி துளைக்குள்தான் போகும்.

பேவர் பிளாக் என்றால் இடைவெளியில் மணல் போட விடாதீர்கள், பொடி ஜல்லிதான் போட வேண்டும். அடிமண்ணை ரோலர் விட்டு இறுக்கவும் கூடாது. கனரக லாரி ஓடும் இடத்துக்கும், எண்ணெய் சிந்தும் இடத்துக்கும் இந்தத் தளமே வேண்டாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் தளம் வரும் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று நாளாகியும் வடியவில்லை என்றால் அநேகமாகக் களிமண். அப்போது ஜல்லிக்குள் துளையிட்ட குழாயும் வைத்து, மிச்ச நீரை மெதுவாக வெளியே விட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே மதிப்பீடு கேளுங்கள்.