காற்றடிக்கும் இரவில் உங்களைத் திட்டும் குரல்

கேள்வி: பண்ருட்டி பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு 51 வயது. தானே புயலில், அப்பா வைத்த நாலு ஏக்கர் முந்திரி மொத்தமும் சாய்ந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் ஒருவர் கொல்லையை நல்ல விலைக்குக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. புயல் அடித்து மூன்று மாதத்தில் அப்பாவும் போய்விட்டார். வட்டிக்கு வாங்கித்தான் குடும்பம் நடத்தினேன், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தேன். கடன் அடைந்து இரண்டு வருஷம் ஆகிறது, புதிதாக வைத்த மரங்களும் காய்க்கின்றன. ஆனாலும் காற்று பலமாக அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. விடிய விடிய திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிங் போட்டால்தான் கண் மூடுகிறது. பையன்மேல் எரிந்து விழுகிறேன். ‘நீயெல்லாம் ஒரு ஆம்பளையா’ என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓடினேன். அதை நிறுத்தினால் படுத்துவிடுவேனோ என்று பயம். வருஷா வருஷம் வடலூர் தருமசாலைக்கு அரிசி மூட்டை கொடுக்கிறேன், மனசு மட்டும் அடங்கவில்லை. சில நாள் ஏன் இருக்கிறோம் என்றே தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: அண்ணா, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘ஏன் இருக்கிறோம்’ என்ற நினைப்பை மனைவியிடமாவது நெருங்கிய ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த நினைப்பு ஒரு படி மேலே போய், ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றினால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் அதை வேறு யார் பொறுப்பிலாவது கொடுத்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் மற்ற எதையும் என்னால் எழுத முடியாது.

தானே கரையேறிய 2011 டிசம்பர் 30 விடியற்காலை நானும் கடலூரில்தான் இருந்தேன். அன்றைக்குக் காற்று போட்ட சத்தத்தை இப்போது நினைத்தாலும் என் கை சில்லிட்டுப் போகும். பிறகு பண்ருட்டிப் பக்கம் வந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் பலாவும் முந்திரியும் வேரோடு மல்லாந்து கிடந்தன. ஒரு தலைமுறை உழைப்பு ஒரே காலையில் படுத்துவிட்டதைப் பார்த்தவள் நான். அதனால் ‘இத்தனை வருஷம் ஆச்சே, இன்னுமா’ என்று உங்களைக் கேட்க மாட்டேன்.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்கும். அட்ரினலின் நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கும், கார்ட்டிசோல் உடம்பை விழிப்பிலேயே வைத்திருக்கும். உயிர் தப்பிக்கிற நேரத்துக்கு இது தேவை. ஆபத்து போனதும் எல்லாம் அடங்க வேண்டும். உங்களுக்கு அடங்குவதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை. புயல், அப்பாவின் சாவு, வட்டி, கல்யாணச் செலவு, 2015 வெள்ளம், அப்புறம் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல். இத்தனைக்கும் நடுவில் காற்றுச் சத்தம் கேட்டால் உடம்பு எழுந்து உட்காரத்தான் செய்யும். அது கோழைத்தனம் இல்லை. காவலுக்கு நின்று பழகிய உடம்பு, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டிக்காரர் உங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பேசியிருக்கக்கூடிய பேச்சை இப்போது நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் தினமும், உங்களிடமே. எதிரில் நின்று ஒருவர் திட்டினால் உடம்பு எப்படி விறைக்குமோ, உள்ளேயிருந்து நாமே திட்டினாலும் அப்படித்தான் விறைக்கிறது. புயல் எச்சரிக்கை இல்லாத நாளிலும் நீங்கள் புயலுக்குள்ளேயே இருப்பது இதனால்தான்.

இங்கிலாந்தில் பால் கில்பர்ட் என்று ஒரு உளவியலாளர். அவரிடம் வந்தவர்களில் சிலர் ‘என் தப்பு ஒன்றும் இல்லை’ என்ற சரியான வார்த்தையைக் கற்றுக்கொண்ட பிறகும் தேறவில்லை. அதை மனசுக்குள் எந்தக் குரலில் சொல்லிக்கொள்கிறீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். வார்த்தை ஆறுதலாக இருந்தது, குரலோ கரித்துக்கொட்டுகிற குரல். தன்னிடம் இரக்கத்தோடு பேசப் பழக்குவதையே ஒரு சிகிச்சையாக அவர் வளர்த்ததற்கு இது ஒரு காரணம்.

திட்டுவதை விட்டால் படுத்துவிடுவேன் என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த ஒரே சாட்டை அது. 2012ல் கலிஃபோர்னியாவில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கடினமான தேர்வில் சறுக்கியவர்களில், அந்தத் தோல்வியைப் பரிவோடு பார்க்கச் சொல்லப்பட்டவர்கள் மறு தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். படுத்துவிடவில்லை. உங்கள் கதையிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒட்டுக்கன்று வாங்கி வந்து, தண்ணீர் சுமந்து ஊற்றி, காய்ப்புக்கு வரும்வரை காத்திருந்தது அந்தத் திட்டு இல்லை. அது நீங்கள்.

தருமசாலைக்கு அரிசி கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். 1867ல் மூட்டிய அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்காருகிறவரிடம் ‘நீ ஏன் கொல்லையை விற்கவில்லை’ என்று யாரும் கேட்பதில்லை. பசி என்றால் சோறு, அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர் பசிக்கு உங்கள் அரிசி போகிறது. அந்த வரிசையில் நீங்களும் ஒரு ஆளாக உட்காரலாம் என்றுதான் நான் சொல்கிறேன். ஜீவகாருண்யத்தில் உங்கள் ஜீவன் மட்டும் கணக்கில் வராதா என்ன?

சரி, காற்றடிக்கும் இரவில் என்ன செய்வது? கண்ணை மூடச் சொல்ல மாட்டேன், உங்களைப் போன்றவர்களுக்குச் சில சமயம் அது பயத்தைக் கூட்டிவிடும். கண்ணைத் திறந்தே வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். தரையின் குளிர்ச்சியைக் கவனியுங்கள். ஒரு கையை நெஞ்சில் வைத்து, மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். நெஞ்சின் வேகம் கொஞ்சம் தணியும். அப்புறம், உங்களைப் போலவே தோப்பை இழந்த ஒரு பங்காளி அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதை அதே குரலில் உங்களுக்குச் சொல்லுங்கள். ‘பயமா இருக்கா, இருக்கட்டும்ப்பா, நான் கூட இருக்கேன்’ என்பது போதும். புயல் வரும் என்று முந்தின மாதமே தெரிந்திருக்க யாராலும் முடியாது என்பதையும் அவருக்குச் சொல்லியிருப்பீர்கள்.

ஆரம்பத்தில் இது நன்றாக இருக்காது. பல வருஷமாக அடைத்து வைத்த துக்கம் அன்பான ஒரு வார்த்தை பட்டதும் பொத்துக்கொண்டு வரும். அழுகை வரலாம், கோபமும் வரலாம். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள், முகம் கழுவுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிங் விஷயம். அது முதலில் தூங்கவைத்து, பின்னிரவில் தூக்கத்தை உடைத்துவிடும். காலையில் படபடப்பு அதிகமாகத் தெரிவதும் அதனால் இருக்கலாம். தினமும் குடிக்கிறவராக இருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள். நெஞ்சு படபடப்புக்கு இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு மனநல மருத்துவரிடம் போங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். இப்படிப்பட்ட பழைய அதிர்ச்சிக்கென்றே பேச்சு சிகிச்சைகள் உண்டு. நான் சொன்ன திண்ணைப் பழக்கம் அதோடு சேர்ந்துதான் நடக்க வேண்டும், அதற்குப் பதிலாக இல்லை. போகும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பையனிடம் ஒருநாள், ‘காற்றடித்தால் அப்பாவுக்குப் பயமா இருக்குடா, உன்மேல் கோபம் இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. புயலுக்குப் பிறகு அப்பா மூன்று மாதம் உங்களோடு இருந்திருக்கிறார். அந்த நாட்களில் அவர் உங்களிடம் என்ன பேசினார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஞாபகம் வந்தால் எழுதுங்கள் அண்ணா.