அயர்லாந்தில் குடும்ப வழியாக வந்த கம்புச் சண்டையை வெளியாள் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். குடும்பச் சொத்து என்றதும் ரகசியச் சத்தியம், சடங்கு என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான் கனடாவில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு சின்னக் குழுவோடு, அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிம் பகுதியிலிருந்து வந்த கம்பு முறையைப் பழகுகிறேன். குழுவில் பாதிப் பேருக்கு அயர்லாந்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தக் கலைக்குப் பெயர் பாட்டராக்ட். கம்பை ஷிலேலி என்பார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சந்தை, புனிதர் திருவிழா என்று கூட்டம் சேர்கிற இடமெல்லாம் கோஷ்டிகள் இந்தக் கம்போடு மோதிக்கொண்டன. கோட்டைக் கழற்றித் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தால், "தைரியம் இருந்தால் மிதித்துப் பார்" என்று வம்புக்கு இழுப்பதாக அர்த்தம். எல்லாமே வெட்டிச் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. டிப்பரரி பக்கம் காரவாட், ஷனவெஸ்ட் என்று அடித்துக்கொண்ட கோஷ்டிகளுக்குப் பின்னால் ஏழைக் கூலிகளுக்கும் வசதியான விவசாயிகளுக்கும் இருந்த பகையும் இருந்தது. 1834 ஜூன் 24 அன்று கெர்ரியில் பாலிவே கடற்கரையில் நடந்த மோதலில், தோற்று ஓடியவர்களில் பலர் ஆற்றில் மூழ்கியே செத்தார்கள்.

அப்புறம் போலீஸ் கெடுபிடி, பாதிரியார்களின் கண்டிப்பு, 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம், பிழைப்புக்காகக் கப்பலேறியது எல்லாம் சேர்ந்து கோஷ்டிச் சண்டைக்கு முடிவு கட்டின. வித்தை மட்டும் சில வீடுகளில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தது. இன்று வெளியாட்களுக்குக் கிடைப்பவற்றில் இரண்டு பெயர் பெற்றவை. ஒன்று வடக்கே ஆன்ட்ரிமில் ராம்ஸி குடும்பம் காத்து வந்த முறை. இன்னொன்று இன்றைய கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக்குக் குடியேறிய டாய்ல் குடும்பத்தின் 'விஸ்கிக் கம்பு நடனம்'; பெயர்தான் நடனம், இதுவும் சண்டை முறைதான். இதில் கம்பை இரண்டு கையாலும் பிடிப்பார்கள், குத்துச்சண்டையின் சாயல் நன்றாகத் தெரியும். அந்தக் குடும்பத்து க்ளென் டாய்ல், அப்பாவின் சம்மதம் வாங்கிய பிறகுதான் வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

நான் பழகும் முறையில் எல்லாம் பிடியில்தான் இருக்கிறது. கம்பின் அடி நுனியைப் பிடிப்பதில்லை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் கம்பின் மேலேயே நீட்டிப் படிந்திருக்கும். கையைத் தலைக்குப் பக்கத்தில் உயர்த்தி நின்றால் கைக்குக் கீழே மிஞ்சும் துண்டு முழங்கைக்கும் முன்கைக்கும் கேடயமாகிவிடும். நெருங்கி வந்தவனை அதே துண்டால் இடிக்கவும் செய்யலாம். பார்க்க அசௌகரியமான பிடி, அதற்குப் பழகும்வரை கட்டைவிரலும் மணிக்கட்டும் விண்விண்ணென்று வலிக்கும். இடது கை சும்மா தொங்காது. முகத்துக்கு அருகே நின்று அடியைத் தள்ளும், வாய்ப்பு வந்தால் எதிராளியின் கம்பையே பற்றும்.

கம்புக்கு ரொம்பப் பெயர் போனது பிளாக்தார்ன் என்ற முள்மரம். குளிர்காலத்தில் வெட்டுவார்கள். வேரோடு சேர்ந்த பகுதி குமிழாக அமையும்படி பார்த்து எடுத்து, பட்டையை உரிக்காமல் வெண்ணெயோ பன்றிக் கொழுப்போ தடவி, புகைபோக்கிக்குள் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அந்தக் கருப்பு அப்படி வந்தது. சிலர் குமிழைக் குடைந்து ஈயம் ஊற்றுவதும் உண்டு. சுற்றுலாக் கடைகளில் வார்னிஷ் மினுங்க விற்பதைச் சுவரில் மாட்டலாம், மோதலுக்கு எடுக்காதீர்கள்.

ஆசிரியரைத் தேடும்போது ஒரே கேள்வி போதும்: "நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?" அதற்கு ஆள் பேர் சொல்லாமல் கெல்டிக் வீரர்களின் ஆயிரமாண்டு ரகசியம் என்று ஆரம்பித்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய புத்தகம் பார்த்து மீட்டெடுத்தோம் என்று சொல்பவர்களும் உண்டு. அது தப்பில்லை, ஆனால் அது வேறு சரக்கு.

பக்கத்தில் ஆள் இல்லையென்றால் காணொளி பார்த்து அடிப்படைகளைப் பழகலாம், ஜோடிப் பயிற்சிக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும். ஆரம்பத்திலேயே பிளாக்தார்னுக்குச் செலவழிக்காதீர்கள், சாதாரணப் பிரம்பு போதும். வாள்வீச்சு முகக்கவசமும் தடித்த கையுறையும் கட்டாயம். கையுறையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், முதல் அடி விரலுக்குத்தான் விழும்.