மாமனாருக்குக் கொடுத்த மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 39. கல்லூரிக் காலம் முதலே ஒற்றைத் தலைவலி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நரம்பியல் மருத்துவர் சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முன்பெல்லாம் ஒரு மாத்திரைக்கே வலி நின்றுவிடும், இப்போது நிற்பதில்லை. காலை ஆறு மணிக்கு வலி தொடங்கினாலும், சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் மாத்திரை போட முடிகிறது. மற்றபடி நல்ல மாத்திரைதான். போன மாதம் மாமனார் தலைவலியால் துடித்தபோதுகூட, ஸ்டென்ட் வைத்த உடம்புக்குக் கடையில் வாங்கும் பாரசிட்டமால் ஒத்துக்கொள்ளுமோ என்று பயந்து, இதில்தான் ஒன்று கொடுத்தேன். இனி நான் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒன்றா இரண்டா என்பதைப் பிறகு பார்ப்போம். மாமனாருக்கு மாத்திரை கொடுத்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அப்படி நகர முடியவில்லை.

சுமாட்ரிப்டான் எல்லாத் தலைவலிக்குமான வலி மாத்திரை அன்று. மூளையைச் சூழ்ந்த உறைகளில் ஓடும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும், அங்குள்ள நரம்பு முனைகள் வலியைத் தூண்டும் பொருள்களை வெளிவிடாமல் தடுத்தும் அது வேலை செய்கிறது. அந்தச் சுருக்கம் தலையோடு நின்றுவிடாது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களும் ஓரளவு சுருங்கும். நலமான இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அது மாரடைப்பில் முடியக்கூடும். இதய நோய், பக்கவாதம், கால் இரத்தக் குழாய் அடைப்பு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்களுக்கு டிரிப்டான் வகை மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று விதித்திருப்பது இதனால்தான். நீங்கள் பயந்து ஒதுக்கிய பாரசிட்டமால்தான் அளவோடு கொடுத்திருந்தால் அன்று அவருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும்.

துடிக்கும் பெரியவருக்குக் கையில் இருப்பதைக் கொடுத்தது பாசத்தால்தான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் உங்களைச் சோதித்து உங்களுக்கென்று எழுதிய மருந்தை இன்னொருவர் வாயில் போட உங்களுக்கு உரிமை இல்லை. பெரியவர்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது என்றால், வேளைக்குச் சோறு போடுவதோடு, அவர்கள் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்பதைக் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பதும் சேர்ந்ததுதான். அந்தக் கடமை மருமகளுக்கு மட்டும் உரியதும் அன்று. அப்பா துடித்தபோது பெற்ற மகன் எங்கே இருந்தார்? உங்கள் கடிதத்தில், சமையலறையிலும் சரி, மாமனாரின் கட்டிலருகிலும் சரி, உங்கள் கணவர் ஓரிடத்திலும் தென்படவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் கடுமையான தலைவலி வந்தால் அதற்குக் காரணம் தேடியாக வேண்டும். எனவே மகனே தந்தையை இந்த வாரம் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். இந்த மாத்திரையைக் கொடுத்ததையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. இரண்டாகச் சேர்த்துப் போடுவதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. தலைவலி தொடங்கி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் இந்த மருந்து நன்றாகக் கேட்கும். நீங்களோ மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று, வலி முற்றிய பிறகு போடுகிறீர்கள். ஒற்றைத் தலைவலி முற்றும்போது இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை உடம்பில் சேரவே தாமதமாகும். ஆறு மணிக்கு வலி வந்தால் ஆறு மணிக்கே போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அன்று இட்லி ஊற்றுவதும் பிள்ளைகளை வேனில் ஏற்றுவதும் உங்கள் கணவரின் வேலை. வலியோடு நின்று பரிமாறுவதை இல்லறக் கடமை என்று நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

வலி அடங்கிப் பிறகு திரும்பினால், இரண்டு மணி நேர இடைவெளி விட்டு இன்னொன்று போடலாம். 24 மணி நேரத்தில் மொத்தம் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் மாத்திரை சற்றும் கேட்கவில்லை என்றால், அதே வலிக்கு நீங்களாக மேலும் மேலும் போட வேண்டாம். எர்காட்டமைன் கலந்த பழைய தலைவலி மாத்திரையைப் போட்டிருந்தால், 24 மணி நேரத்துக்குச் சுமாட்ரிப்டானைத் தொடாதீர்கள். மாத்திரை போட்டபின் மார்பிலோ தொண்டையிலோ இறுக்கம் வருவது சிலருக்கு உண்டு. பெரும்பாலும் அது தானாக விலகும் என்றாலும், கடுமையாக இருந்தாலோ விலகாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மாதத்தில் எத்தனை நாள் இதைப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே? மாதம் பத்து நாள், அதற்கு மேல் என்று மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், இந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். மாத்திரை கேட்காமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு முந்தைய சீட்டைக் காட்டி இனியும் வாங்கிக்கொண்டிருக்காமல், வலி வந்த நாள்களையும் மாத்திரை போட்ட நாள்களையும் நாட்காட்டியில் குறித்து, அதோடு நரம்பியல் மருத்துவரிடம் போய், வலி அடிக்கடி வராமல் இருக்க அன்றாடம் எடுக்கும் தடுப்பு மருந்து உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள்.